சுருள் சிரையும் லேசர் சிகிச்சையும்



நம் குடும்பங்களில் வயதான பெண்மணிகள் சிலருடைய கால்களைக் கவனித்திருப்பீர்கள். முழங்காலுக்குக் கீழே, தோலுக்கு அடியில், நீல நிறக் கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல் ஏதோ ஒன்று புடைத்து நிற்கும். "என்ன பாட்டி இது?" என்று கேட்டால், "நரம்பு சுருண்டு போச்சு ஐயா, அது அப்படித்தான்" என்று சொல்லிச் சேலையை இழுத்து மூடிக்கொள்வார்கள். ஆண்களிலும் இது உண்டு. கடையில் நின்று வியாபாரம் செய்வோர், முடி திருத்துவோர், சமையற்காரர், பாதுகாவலர், என்னைப்போல் கரும்பலகைக்கு முன்னால் நின்றே காலம் கழிக்கும் ஆசிரியர் என்று பலரிடம் இதைக் காணலாம்.

இன்றைய பேச்சு இந்தச் சுருளைப் பற்றியது. அதற்கு இப்போது செய்யப்படும் லேசர் சிகிச்சை எப்படிப்பட்டது என்பதையும் விளக்க எண்ணுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். நாம் "நரம்பு" என்கிறோமே, அந்தச் சொல்தான் நம்மவர் பலரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கின்றது. என் தாயாரின் காலே இதற்குச் சான்று.

அம்மா தம் இளமையில் பால்மரம் வெட்டியவர். நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். பொருள்களைப் பார்த்துப் பிரிக்கும் வேலை. நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது பிள்ளைப்பேற்றின்போது காலில் தோன்றிய சுருள் அங்கேதான் பெரிதாயிற்று. பல ஆண்டுகள் கழித்து, இடது காலின் உள்கணுவுக்குச் சற்று மேலே தோல் கறுத்தது, அரித்தது, பிறகு ஒரு நாள் உடைந்து புண்ணாயிற்று. மஞ்சள் வைத்துக் கட்டினார், பச்சிலை வைத்துக் கட்டினார். ஆறுவதுபோல் தோன்றும், மறுபடியும் திறந்துகொள்ளும். "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றால் ஒரே பதில்தான்: "நரம்பை வெட்டிப்புடுவாங்க, கால் இழுத்துக்கும். அப்புறம் யாரு என்னைத் தூக்கிச் சுமக்கிறது?"

இப்படியே ஒன்பது ஆண்டுகள் சென்றன.

நேயர்களே, அம்மாவின் காலில் சுருண்டது நரம்பே அன்று. நரம்பு என்பது மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் கிளம்பி, உணர்ச்சியையும் அசைவுக்குரிய கட்டளையையும் கொண்டுசெல்லும் வெண்ணிற இழை. அது அறுந்தால் உறுப்பு மரத்துப்போகும், அசைவும் குன்றும். காலில் நீலமாகப் புடைத்துத் தெரிவதோ இரத்தக் குழாய். அதற்குத் தமிழில் "சிரை" என்று பெயர். இருதயத்திலிருந்து உடம்பெங்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய் தமனி. அந்த இரத்தத்தை மறுபடியும் இருதயத்திற்குக் கொண்டுவரும் குழாய் சிரை. ஆகவே இந்த நோயைச் "சுருள் சிரை" என்று அழைப்போம். மருத்துவமனையில் "வெரிக்கோஸ் வெயின்" என்று சொல்வார்கள்.

இனி, சிரை ஏன் சுருள்கின்றது என்று பார்ப்போம்.

நிற்கும் மனிதனின் பாதத்திலிருந்து இருதயம் ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில் இருக்கின்றது. பாதத்தை அடைந்த இரத்தம் அவ்வளவு உயரம் மேல்நோக்கி ஏறவேண்டும். அதை ஏற்றிவிடுவது எது? நம்முடைய கெண்டைக்கால் தசைதான். நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போது அந்தத் தசை இறுகி, தனக்குள்ளே ஓடும் ஆழ்ந்த சிரைகளைப் பிழிகின்றது. இரத்தம் மேலே தள்ளப்படுகின்றது. தசை தளரும்போது அந்த இரத்தம் மறுபடி கீழே விழுந்துவிடாதா? விழாது. சிரைக்குள்ளே இடையிடையே மெல்லிய இதழ்களாலான வால்வுகள் உள்ளன. அவை மேலே போகும் இரத்தத்திற்கு வழிவிடும். கீழே திரும்ப முயலும் இரத்தத்தைத் தடுத்து மூடிக்கொள்ளும்.

கேரித்தீவு, கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் போன்ற கடலோரப் பகுதிகளில் வாழும் நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே தோட்டத்து நிலம் தாழ்வாக இருப்பதால் கரை கட்டி, கால்வாய் கடலையோ ஆற்றையோ சேருமிடத்தில் மதகுக் கதவு வைத்திருப்பார்கள். கடல் வற்றும்போது கால்வாய் நீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது உப்பு நீரே கதவை அழுத்தி மூடிவிடும். அந்தக் கதவு பழுதானால் என்ன ஆகும்? ஏறிவரும் உப்பு நீர் கால்வாய்க்குள் புகுந்து, கரை உடைந்து, மரத்தடியில் தேங்கி நிற்கும். சிரையின் வால்வு பழுதானாலும் இதே கதைதான். மேலே போன இரத்தம் கீழே வழிந்து தேங்குகின்றது. அதன் சுமையைத் தாங்காமல் சிரை அகலமாகின்றது, நீளமாகின்றது. நேராகக் கிடக்க இடமில்லாமல் வளைந்து சுருள்கின்றது. நாம் வெளியே காணும் முடிச்சு தேங்கிய நீர்தான். பழுதான கதவு வேறோர் இடத்தில், பெரும்பாலும் தொடையின் இடுக்கிலோ முழங்காலின் பின்புறத்திலோ இருக்கின்றது.

சிரையில் வால்வு உண்டு என்பதை உங்கள் கையிலேயே சோதித்துப் பார்க்கலாம். இது வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் 1628-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் படம் போட்டுக் காட்டிய சோதனை. இரத்தம் உடம்பில் சுற்றிவருகின்றது என்பதை உலகத்திற்கு நிறுவிக் காட்டியவர் அவர். கையைச் சற்று நேரம் தொங்கவிடுங்கள். முன்கையில் நேராகத் தெரியும் ஒரு சிரையைத் தேர்ந்து, மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அதிலுள்ள இரத்தத்தை முழங்கையை நோக்கி வழித்துத் தள்ளிவிட்டு, அந்த மேல்விரலை எடுத்துவிடுங்கள். மேலிருந்து இரத்தம் ஒரு சிறு முடிச்சு வரைக்கும் வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே சிரை வெறுமையாகவே கிடக்கும். அந்த முடிச்சுதான் வால்வு. இப்போது கீழ்விரலையும் எடுங்கள். இரத்தம் கீழிருந்து ஏறி நிரம்பிவிடும். பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டினால் மறக்கவே மாட்டார்கள்.

அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரைக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு. நல்ல காலையுடைய ஒருவர் சில அடிகள் நடந்தாலே அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதானவருக்கு நடந்தாலும் அழுத்தம் அவ்வாறு இறங்குவதில்லை. நிற்கும்போதும் நடக்கும்போதும் அவ்வழுத்தம் கணுக்காலின் தோலைத் தாக்குகின்றது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் நுண்ணிய குழாய்களிலிருந்து கசிந்து, அவற்றிலுள்ள இரும்புச் சத்து தோலில் படிகின்றது. தோல் கறுக்கின்றது, தடிக்கின்றது, அரிக்கின்றது. கடைசியில் ஒரு சிறு கீறல்கூட ஆறாத புண்ணாகிவிடுகின்றது. அம்மாவின் கணுக்காலில் நடந்தது இதுதான். புண் கணுக்காலில் இருந்தாலும் அதன் மூலம் தொடையில் இருந்தது. கணுக்காலில் மட்டும் மஞ்சள் வைத்தால் அது எப்படி ஆறும்?

யாருக்கு இந்த நோய் வரும்? பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற அதிகம். பிள்ளைப்பேறு இன்னொரு காரணம். உடல் பருமனும் நெடுநேரம் நிற்கும் வேலையும் இதனை வளர்க்கின்றன. நிற்பது மட்டுமே நோயை உண்டாக்கிவிடாது. ஆனால் மெலிந்த வால்வுடையவருக்கு அது பெருஞ்சுமை. நம் நாட்டில் தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறை 2002-ஆம் ஆண்டிலேயே நின்று வேலை செய்வதைப் பற்றித் தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டிருக்கின்றது. நின்று வேலை பார்ப்போர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அவ்வப்போது உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று முதலாளியிடம் கேட்பது சோம்பேறித்தனமாகாது.

இனிச் சிகிச்சைக்கு வருவோம்.

பழைய முறை அறுவைச் சிகிச்சை. 1890-ஆம் ஆண்டில் டிரெண்டலென்பர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர், தொடையில் உள்ள பெரிய சிரையைக் கட்டிவிடும் முறையை வெளியிட்டார். 1907-ஆம் ஆண்டில் பாப்காக் என்ற அமெரிக்க மருத்துவர், சிரைக்குள் ஒரு நீண்ட கம்பியைச் செலுத்தி அதனோடு சிரையை இழுத்து எடுத்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். நூறு ஆண்டுகளாக இதுவே பெருவழக்கு. தொடை இடுக்கில் ஒரு வெட்டு, காலில் சில வெட்டுகள், பெரும்பாலும் மயக்க மருந்து, பிறகு சில வாரங்கள் ஓய்வு. இம்முறை பலருக்கு நல்ல பயன் தந்தது. ஆயினும் "காலைக் கிழித்து நரம்பை உருவுகிறார்கள்" என்று நம்மவர் நடுங்கியதும் இதனால்தான்.

லேசர் என்பது ஒரு தனி வகை ஒளி. 1960-ஆம் ஆண்டில் தியோடர் மைமன் என்ற அமெரிக்க அறிவியலாளர் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். டார்ச் விளக்கின் ஒளி நாற்புறமும் பரவும். லேசர் ஒளி ஒரே நிறமாய், சிதறாமல், ஒரே திசையில் செல்லும். அதனால் அதன் வெப்பத்தை வேண்டிய இடத்தில் மட்டும் பாய்ச்சலாம். இதனைக் கால் சிரைக்குள் செலுத்தும் முறையை ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கார்லோஸ் போனே 1999-ஆம் ஆண்டில் அறிவித்தார். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அதன்பின் உலகெங்கும் பரவிற்று.

சிகிச்சை நாளில் நடப்பது என்ன? அம்மாவுக்கு நடந்ததையே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஸ்கேன். கருவிலிருக்கும் குழந்தையைப் பார்ப்பதற்குப் பயன்படும் அதே அல்ட்ராசவுண்ட் கருவிதான். நோயாளியை நிற்கவைத்து, காலின் மேல் பசையைத் தடவி, சிரைகளுக்குள் இரத்தம் எந்தத் திசையில் ஓடுகின்றது என்று பார்க்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கு இங்கே விடை கிடைக்கும். எந்த வால்வு பழுதாகியிருக்கின்றது? ஆழ்ந்த சிரைகள் அடைப்பின்றி நன்றாக இருக்கின்றனவா? இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. இந்த ஸ்கேன் இல்லாமல், வெளியே தெரியும் முடிச்சை மட்டும் பார்த்துவிட்டுச் சிகிச்சைக்கு நாள் குறித்தால், அங்கே சற்று யோசியுங்கள்.

சிகிச்சையின்போது நோயாளி படுத்திருப்பார். விழித்தே இருப்பார். முழங்காலுக்கு அருகில் தோலை மரக்கச் செய்து, ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் சிரைக்குள் ஒரு சிறு துளை இடுவார்கள். அதன் வழியாகக் கண்ணாடி இழை ஒன்றை மேல்நோக்கிச் செலுத்துவார்கள். அது அரை மில்லிமீட்டர் அளவே பருமன் உடையது. அதன் நுனி தொடை இடுக்கை நெருங்கும். ஆனால் ஆழ்ந்த சிரையோடு சேருமிடத்திற்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள். ஆழ்ந்த சிரைக்கு வெப்பம் படக்கூடாது அல்லவா?

பிறகு, சிரையைச் சுற்றிலும், தொடை நெடுக, மரத்துப்போகும் மருந்து கலந்த உப்பு நீரைச் சிறு ஊசிகளால் செலுத்துவார்கள். நோயாளிக்குச் சற்றுத் துன்பம் தருவது இந்தக் கட்டம்தான். "எறும்பு கடிச்ச மாதிரி வரிசையா இருந்துச்சு" என்றார் அம்மா. அந்த நீர் மூன்று வேலைகளைச் செய்கின்றது. வலியைப் போக்குகின்றது. சிரையை வெளியிலிருந்து அழுத்தி இழையோடு ஒட்டச் செய்கின்றது. சுற்றியுள்ள தசைக்கும் தோலுக்கும் சூடு பரவாமல் தடுக்கின்றது. சிரையை ஒட்டி ஓடும் உண்மையான நரம்பும் இதனால் காக்கப்படுகின்றது. நம்மவர் அஞ்சும் அந்த நரம்பைக் காப்பதற்காகவே மருத்துவர் இவ்வளவு பாடுபடுகிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து, அறையில் இருக்கும் எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்வார்கள். லேசர் இயக்கப்படும். சிகிச்சை செய்யும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதனோடு வழிகாட்டியாகச் செல்லும் சிவப்பு ஒளி மட்டும் தோலுக்கு அடியில் ஒரு புள்ளியாகத் தெரியும். மருத்துவர் இழையை மெல்ல மெல்லக் கீழ்நோக்கி இழுப்பார். நொடிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இழை கடந்து வரும் இடமெல்லாம் சிரையின் சுவர் வெந்து சுருங்கி மூடிக்கொள்ளும். இழையை வெளியே எடுத்து, துளையின் மேல் ஒரு சிறு கட்டுப் போட்டு, இறுக்கக் காலுறையை மாட்டிவிடுவார்கள். தையல் இல்லை. ஒரு காலுக்கு எல்லாம் சேர்ந்து பொதுவாக ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அதன்பின் படுத்துக் கிடக்கக் கூடாது. எழுந்து நடக்க வேண்டும்.

அம்மா அன்று மாலையே வீட்டுக்குள் நடந்து வந்தார். சமையலறை வரைக்கும் போய்த் திரும்பினார். நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டே, "இதுக்குத்தானா ஒம்போது வருசம் பயந்து கெடந்தேன்" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

இங்கே நேயர்கள் பலர் ஒரு கேள்வி கேட்கலாம். ஒரு சிரையை மூடிவிட்டால் அதில் ஓடிய இரத்தம் எங்கே போகும்? நல்ல கேள்வி. காலின் இரத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஆழ்ந்த சிரைகளின் வழியாகவே மேலே செல்கின்றது. தோலுக்கு அடியில் இருப்பவை கிளை வாய்க்கால்கள் மட்டுமே. மேலும், பழுதான சிரை இரத்தத்தை மேலே கொண்டுபோகவில்லை, கீழே கொட்டிக்கொண்டிருந்தது. கதவு உடைந்த கால்வாயை மண் போட்டு அடைத்துவிட்டால், தோட்டத்து நீர் நல்ல கதவுள்ள பெரிய கால்வாய் வழியாக வெளியேறும். அதுபோலத்தான். மூடிய சிரையை உடம்பே சில மாதங்களில் சிறு தழும்பாக மாற்றிவிடுகின்றது.

இதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1967-ஆம் ஆண்டில் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜெண்டினா நாட்டு மருத்துவர், அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனையில், இதே கால் சிரையை எடுத்து இருதயத்தின் அடைப்பைத் தாண்டும் மாற்றுப்பாதையாகத் தைத்தார். அன்று முதல் எத்தனையோ நோயாளிகளின் காலிலிருந்து நல்ல சிரையையே எடுத்து இருதயத்தில் வைக்கிறார்கள். அவர்கள் எல்லாம் நடக்கவில்லையா? "பைபாஸ்" செய்துகொண்ட உறவினர் ஒருவர் உங்களுக்கே இருக்கலாம். அவருடைய காலில் உள்ள நீண்ட தழும்பைக் கேட்டுப் பாருங்கள்.

லேசர் முறைக்குக் குறையே இல்லையா? உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில நாள் தொடையில் கன்றிப்போன நிறமும் வலியும் இருக்கும். ஒரு வாரம் கழித்து, தொடைக்குள் கயிற்றை இழுத்துக் கட்டியதுபோல் தோன்றும். இவை தாமே மறையும். சிலருக்குத் தோலில் ஓரிடம் மரத்துப்போய்ச் சில மாதங்கள் இருக்கலாம். அரிதாகத் தோலில் சூட்டுக் காயமோ, ஆழ்ந்த சிரையில் இரத்தக் கட்டியோ உண்டாகலாம். சிகிச்சைக்குப் பிறகு கெண்டைக்கால் வீங்கிக் கடுமையாக வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சிரை நன்றாக மூடிக்கொள்கின்றது. எஞ்சியவர்களுக்கு மறுபடியும் திறக்கலாம். காலப்போக்கில் வேறொரு சிரையில் புதிதாகப் பழுது ஏற்படவும் கூடும். வெளியே சுருண்டு தெரியும் கிளைகள், மூலம் மூடப்பட்டதும் ஓரளவு சுருங்கும். சுருங்காதவற்றைச் சிறு துளை வழியாக எடுப்பதோ, ஊசி மருந்து செலுத்திச் சுருக்குவதோ உண்டு. கருவுற்றிருக்கும் பெண்கள் பிள்ளைப்பேறு முடிந்த பின்னரே இதைச் செய்துகொள்வது வழக்கம். ஆழ்ந்த சிரையில் அடைப்புள்ளவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். லேசருக்குப் பதிலாக ரேடியோ அலை வெப்பத்தாலும், ஒருவகைப் பசையாலும், நுரை மருந்தாலும் சிரையை மூடும் முறைகள் இருக்கின்றன. உங்கள் காலுக்கு எது ஏற்றது என்பதை ஸ்கேன் பார்த்த நிபுணர் சொல்வார். 2013-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி வாரியம், வெப்பத்தால் மூடும் முறையை முதலில் வைத்தது. அது பொருந்தாதவர்களுக்கு நுரை மருந்து, அதுவும் பொருந்தாவிட்டால் அறுவை என்று வரிசைப்படுத்தியது.

எப்போது போக வேண்டும்? மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள் மட்டும் தெரிந்தால் அச்சப்பட வேண்டியதில்லை. மாலையில் கால் கனத்து வலித்தால், கணுக்கால் வீங்கினால், தோல் கறுத்தால், அரித்தால் போக வேண்டும். புண் தோன்றி இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 2018-ஆம் ஆண்டில் பிரிட்டனில் இத்தகைய புண்ணுடைய 450 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. எல்லாருக்கும் இறுக்கக் கட்டுப் போட்டார்கள். ஒரு சாராருக்கு மட்டும் இரண்டு வாரத்திற்குள் பழுதான சிரையையும் மூடினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு 56 நாள்களில் புண் ஆறிவிட்டது. சிரையை மூடாமல் தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆறுவதற்கு 82 நாள்கள் ஆயின.

முதலில் அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திற்குப் போய்க் காலைக் காட்டுங்கள். தேவையானால் அவர்களே இரத்தக் குழாய் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். தனியார் மருத்துவமனைக்குப் போவதாயின், கட்டணம் ஒரு காலுக்கா இரண்டு காலுக்கா, ஸ்கேனும் காலுறையும் அதில் அடங்குமா என்பதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. ஒரே இடத்தில் நிற்காதீர்கள். நின்றே ஆகவேண்டுமானால் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை வேலை செய்யும். தினமும் நடங்கள். ஓய்வு நேரத்தில் காலைத் தலையணையின் மேல் உயர்த்தி வையுங்கள். உடல் எடையைக் குறையுங்கள். மருத்துவர் சொன்னால் இறுக்கக் காலுறையைக் காலையில் எழுந்தவுடன் அணியுங்கள். நீரிழிவு உள்ளவர்களும் காலுக்கு இரத்தம் சரியாக வராதவர்களும் மருத்துவரைக் கேளாமல் இறுக்கக் காலுறை அணியவே கூடாது. காலின் உயிருக்கே அது கேடாகலாம்.

இன்னும் ஒன்று. சுருள் சிரை எங்காவது இடித்தோ சொறிந்தோ உடைந்துவிட்டால் இரத்தம் பீறிட்டு வரும். பதற்றத்தில் நிற்கவோ ஓடவோ கூடாது. உடனே படுக்க வேண்டும். காலை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, சுத்தமான துணியை உடைந்த இடத்தின் மேல் வைத்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

அம்மாவின் புண் நான்கு மாதத்தில் மூடிக்கொண்டது. ஆனால் கணுக்காலைச் சுற்றிக் கறுத்துத் தடித்த தோல் இன்னும் அப்படியேதான் இருக்கின்றது. அது பழைய நிலைக்குத் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதல் ஆண்டிலேயே போயிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. "நரம்பு" என்று அவர் சொன்னபோது, "இல்லை அம்மா, அது இரத்தக் குழாய்" என்று சொல்ல வேண்டியவன் நான்தான். பள்ளியில் பிள்ளைகளுக்கு இரத்த ஓட்டத்தைப் படம் வரைந்து கற்பிப்பவன், என் வீட்டில் அதைச் சொல்லாமல் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டேன். என் இடது காலிலும் இப்போது ஒரு நீலக் கோடு தெரிகின்றது. அடுத்த பள்ளி விடுமுறையில் ஸ்கேன் பார்க்க நாள் குறித்திருக்கிறேன்.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் காலைச் சற்றுப் பாருங்கள். சேலையை இழுத்து மூடினாலும் விடாமல் கேளுங்கள்.